சித்தி பார்த்த நீல நெருப்பு

விறகு அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்த அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இப்போது நம் வீடுகளில் குமிழைத் திருகினால் அடுப்பு எரிகிறது. அந்த நீலத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் மட்டும் இந்த வயதிலும் சில காலைகளில், பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல், அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறேன்.

போன வாரம் டிவியில் ஒருவர் மீத்தேன் என்கிற வாயுவைப் பற்றிப் பேசினார். ஆடு மாடுகளின் வயிற்றிலிருந்தும், தண்ணீர் கட்டிய நெல் வயல்களிலிருந்தும், சதுப்பு நிலங்களிலிருந்தும் அது கிளம்பிப் போய் பூமியைச் சூடாக்குகிறதாம். மாடு, வயல், சதுப்பு என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எனக்கு எங்கள் பழைய வீடு கண்முன்னால் வந்தது. அந்த மூன்றும் எங்கள் வீட்டைச் சுற்றித்தான் இருந்தன. நடுவில் என் சித்தி இருந்தாள்.

எங்கள் ஊர் வானூர்ப் பக்கம். வீட்டிலிருந்து கிழக்கே வயல் வரப்பிலேயே நடந்தால் கழுவெளி வந்துவிடும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கழுவெளி என்பது மரக்காணத்துக்குப் பின்னால் மைல் கணக்கில் பரந்து கிடக்கிற ஆழமில்லாத தண்ணீர். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து ஏரிகளின் உபரித் தண்ணீர் எல்லாம் அதில் போய் விழும். அந்தக் கோடியில் கடல் தண்ணீர் உள்ளே ஏறி வரும். அதனால் இந்தக் கரையில் கோரைப்புல்லும் அல்லியும், அந்தக் கரையில் உப்பளமும். தை மாதக் காலைகளில் பனி இறங்கினால் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. பறவைகள் நிற்பது தெரியாது, சத்தம் மட்டும் வரும். வெயில் ஏறிய பிறகு தூரத்தில் உப்பு அம்பாரங்கள் வெள்ளை வெள்ளையாகத் தரையைத் தொடாமல் மிதக்கும். அங்கே ஒரு ஊரே மிதந்துகொண்டிருக்கிறது என்று நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

நான் சிறுமியாக இருந்தபோது, அப்படி ஒரு தை மாதத்தில்தான் சித்தி ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் தங்கை. கழுவெளியின் வடகரையில் ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. அவள் ஏன் வந்திருக்கிறாள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் சித்தியே ஒருநாள், எருமைகளுக்குப் புல் அறுக்கும்போது, கதை சொல்வதுபோல் சொல்லிவிட்டாள்.

கார்த்திகையில் ஒரு பொழுது சாய்கிற நேரம். மேயப்போன எருமை திரும்பவில்லை. சித்தி கையில் காடா விளக்கோடு தேடிக்கொண்டு கோரைக்குள் இறங்கியிருக்கிறாள். காடா விளக்குதான் தெரியுமே, கண்ணாடி கிடையாது, திரி திறந்தே எரியும். கால் முழங்கால் வரை சேற்றில் புதைந்தது. அதைச் சுற்றிக் கொப்பளம் கொப்பளமாகத் தண்ணீர் பொங்கியது. காலைப் பிடுங்குவதற்காகக் குனிந்தபோது விளக்கு தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்தது. உடனே அவளைச் சுற்றித் தண்ணீரின் மேல் நீலமாக ஒரு நெருப்பு எழுந்து, ஓடி, கோரைக்கு நடுவில் போய் அணைந்துவிட்டது.

"சுடவே இல்ல பாப்பா. சத்தமும் இல்ல. அவ்ளோ அழகு," என்றாள்.

அவள் செய்த தப்பு அதுதான். பயந்து போய்ச் சொல்லியிருந்தால் நாலு நாளில் மறந்திருப்பார்கள். அவள் சந்தோஷமாகப் போய்ச் சொன்னாள். கொள்ளிவாய்ப் பிசாசு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வாயில் நெருப்பை வைத்துக்கொண்டு ஈரமான இடங்களில் திரிகிற பிசாசு அவளைப் பிடித்துவிட்டது, வயிறு திறக்காததற்கும் அதுதான் காரணம் என்றார்கள். அவளுடைய மாமியார் அன்றைக்குப் பிறகு அவளைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. கடைசியில், கொஞ்ச நாள் அக்கா வீட்டில் போய் இரு என்று அனுப்பியும் விட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த அம்மாளைக் கல்நெஞ்சுக்காரி என்றுதான் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா சைக்கிளில் வருவார். மரக்காணத்தில் உப்பு வாருகிற வேலை. அவர் கணுக்காலில் உப்பு காய்ந்து வெள்ளைக் கோடாக இருக்கும். அனுமந்தையில் வாங்கிய மீனைப் பனையோலையில் சுற்றிக்கொண்டு வருவார். வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்காருவார். சித்தி தண்ணீர் கொடுப்பாள், குடிப்பார். பேசமாட்டார். சாயங்காலம் கிளம்பிவிடுவார். தன் அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத ஆள் என்று அப்பா சொல்வார்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் புதியவற்றை நம்புகிறவர். ஊரிலேயே முதலில் ஒட்டுரக நெல் போட்டவர். அந்த வருஷம் பிளாக் ஆபீஸில் போய்ப் பேசி, மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் கோபர் கேஸ் கட்ட ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். கிணறு மாதிரி ஒரு வட்டக் குழி. அதில் சாணியையும் தண்ணீரையும் கரைத்து ஊற்ற வேண்டும். குழிக்குமேல் கவிழ்த்து வைத்த பெரிய இரும்பு டிரம், கறுப்புப் பெயின்ட் அடித்தது. உள்ளே கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும். அடுப்பு எரிய எரியக் கீழே இறங்கும். அதே அப்பாதான், சித்தியைக் குணப்படுத்த, திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் பேயோட்டுகிற ஒரு பூசாரியைப் பார்த்துப் பேசிவிட்டும் வந்தார். பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். அங்கே போன பெண்களை எப்படி அடிப்பார்கள் என்று ஊருக்கே தெரியும். அப்பாவுக்கும் தெரியும். நல்லதுக்குத்தானே என்றார். இரண்டையும் ஒரே ஆள் எப்படி நம்பினார் என்று பிற்காலத்தில் எனக்குக் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை. அவருக்குத் தெரிந்த கதவுகளையெல்லாம் தட்டினார், அவ்வளவுதான்.

சாணி கரைக்கிற வேலை சித்திக்கும் எனக்கும். சித்திக்கு அருவருப்பே கிடையாது. முழங்கை வரை விட்டுக் கட்டிகளை உடைப்பாள். அந்த வெதுவெதுப்பு, புளித்த புல்லின் வாசனை, கரைசல் குழாயில் இறங்கும்போது வருகிற களுக் களுக் சத்தம் எல்லாம் இன்னும் என்னிடம் இருக்கின்றன. முதலில் பல நாள் டிரம் அசையவில்லை. அப்புறம் ஒரு காலையில் பார்த்தால் ஒரு சாண் எழும்பி நிற்கிறது, பனியில் நனைந்துகொண்டு. நான் அதில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஏதோ மெதுவாகப் புரண்டு படுப்பதுபோல் இருந்தது.

அடுப்பு பொருத்த ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்தார். சாணியில் வெந்த சோற்றை எவன் தின்பான் என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே சமையலறை வாசலில் நின்றாள். உள்ளே ஜன்னல் இல்லாததால் எப்போதும் அரை இருட்டு. அந்த ஆள் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார். அடுப்பில் ஒரு நீல வளையம் எழுந்தது.

சித்தி என் தோளைப் பிடித்தாள். அவள் விரல்கள் அழுந்தியது வலித்தது.

"அக்கா, நான் பார்த்தது இதுதான்," என்றாள்.

அம்மா உடனே அவளைப் பேசவிடாமல் தடுக்கப் பார்த்தாள், வெளி ஆள் முன்னால் இந்தப் பேச்சு எதற்கு என்று. ஆனால் சித்தி அந்த ஆளிடமே கேட்டுவிட்டாள், சாணி இல்லாத இடத்திலும் இது வருமா என்று. அவர் சாதாரணமாகச் சொன்னார். புல்லோ தழையோ காற்றுப் படாமல் தண்ணீருக்கடியில் மக்கினால் இது வரும். எருமை வயிற்றுக்குள் நடப்பதும் அதுதான், இந்தக் குழிக்குள் நடப்பதும் அதுதான். ஏரிச் சேற்றைக் குத்திவிட்டு வருகிற கொப்பளத்தை ஒரு பாட்டிலில் பிடித்துப் பற்றவைத்தால் எரியும், நானே படிக்கும்போது செய்திருக்கிறேன் என்றார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். தான் சொன்னது அந்த வீட்டில் என்ன செய்யப்போகிறது என்று அவருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்ததும் சித்தி அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீங்கள் ஒருதடவை என்னோடு தண்ணீருக்கு வரவேண்டும் என்றாள். அவர் தலையாட்டினார். உப்பளத்துக்குப் பக்கத்திலேயே கால்வாய் இருக்கிறது, அங்கே பார்க்கலாம், வடகரைக்குப் போனால் தன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்றார். அம்மாவும் நானும் துணைக்குப் போனோம். அம்மா ஊறுகாய் பாட்டில் ஒன்றையும், மண்ணெண்ணெய் ஊற்றுகிற பச்சைப் புனலையும் பைக்குள் போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

உப்பளத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஒன்றில் வானம், அடுத்ததில் மேகம், அதற்கடுத்ததில் லேசான ரோஜா நிறம். வரப்பில் நடந்தால் காலடியில் உப்பு நறநறவென்றது. உதட்டை நக்கினால் கரித்தது. மிதந்துகொண்டிருந்த ஊர் இதுதானா என்று நினைத்தேன். கிட்டே வந்தபிறகும் அது தரையில் நிற்பதாகத் தோன்றவில்லை.

கால்வாயில் சித்தி இடுப்பளவு இறங்கினாள். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, அதன் வாயில் புனலைச் செருகி, கோலால் சேற்றைக் குத்தினாள். கறுப்பாகக் கலங்கியது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. கொப்பளம் வரவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய்க் குத்தினாள். அங்கேயும் இல்லை. வெயில் இறங்குகிறவரை குத்திக்கொண்டே இருந்தாள். அம்மா கரையிலிருந்து, போதும் வாடி என்றாள்.

சித்தப்பா கையை நீட்டி அவளை மேலே தூக்கிவிட்டார். அப்போதுதான் அவர் நீளமாகப் பேசி நான் முதன்முதலில் கேட்டேன்.

"நீ சொன்ன நாள்லேருந்து நானும் வேலை முடிஞ்சா இந்தத் தண்ணியத்தான் பார்த்துக்கினு நிக்கிறேன். நீ பார்த்தத நானும் ஒருவாட்டி பார்த்துட்டா போதும்னு. எனக்கு ஒண்ணும் தெரியலம்மா."

சித்தி முகத்தை மூடிக்கொண்டாள். நாங்கள் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஈரப் புடவையோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாள். நான் நிஜமாகவே பைத்தியமா அக்கா என்று கேட்டாள். அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அங்கே ஏன் வரவில்லை என்பதைக் கல்லூரியில் வேதியியல் படித்தபோதுதான் நான் தெரிந்துகொண்டேன். கடல் தண்ணீரில் சல்பேட் என்று ஒரு உப்பு இருக்கிறது. அதை வைத்துப் பிழைக்கிற நுண்ணுயிர்கள் சேற்றில் முந்திக்கொள்கின்றன. அந்த முட்டை நாற்றம் அவை விடுவது. மீத்தேனை உண்டாக்குகிற நுண்ணுயிர்களுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது. நல்ல தண்ணீர்ச் சேறுதான் அவற்றின் இடம். சித்தப்பா ஒவ்வொரு சாயங்காலமும் நின்று பார்த்தது, எவ்வளவு பார்த்தாலும் தெரியாத கரையில். இதை அன்றைக்குச் சொல்ல எங்களிடம் யாரும் இல்லை.

சித்தி இரண்டு மூன்று நாள் சாணி கரைக்கக்கூட வரவில்லை. அம்மாதான் அவளை எழுப்பி, எருமைகளைக் கழுவிவிட்டு வா என்று என்னோடு கழுவெளிக்கு அனுப்பினாள். எங்கள் கரையில் கோரை மடிந்து அழுகிக் கிடக்கும். எருமைகள் இறங்கி நடந்த தடத்தில் தண்ணீர் சலசலவென்று பொரிந்தது, எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல. சித்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் மெல்லக் குனிந்து, உள்ளங்கையை அந்தக் கொப்பளங்களின் மேல் வைத்தாள். கன்றுக்குட்டியின் மூச்சு படுகிற மாதிரி இருக்கிறது என்றாள். அங்கே உட்கார்ந்துதான் அவள் எனக்குச் சொன்னாள், இந்தப் புல்லை எருமை தின்கிறது, சாணி குழிக்குப் போகிறது, நெருப்பாக வருகிறது, மிஞ்சிய கரைசல் வயலுக்குப் போய்த் திரும்பவும் புல்லாகிறது, அந்த நெருப்பு எங்கே போகிறது பாப்பா என்று. எனக்குத் தெரியவில்லை. காற்றில் போய்க் கரியமில வாயுவாக நின்று, இலை வழியாகத் திரும்பப் புல்லுக்குள்தான் வருகிறது என்று இப்போது சொல்லத் தெரியும். பற்றவைக்காமல் விட்ட கொப்பளம் அப்படியே வானத்துக்குப் போய்ச் சூட்டைப் பிடித்துவைக்கிறது என்பதும்.

அடுத்த ஞாயிறு, வெள்ளிக்கிழமைக்கு முந்திய ஞாயிறு, அவள் சித்தப்பாவை அந்த இடத்துக்கு அழைத்துப்போனாள். அம்மாவும் நானும் கூடப் போனோம். சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. தண்ணீர் வெல்லப்பாகு நிறத்தில் அசையாமல் கிடந்தது. புனலைச் செருகிய பாட்டிலை அவள் பிடித்துக்கொள்ள, அவர் கோலால் குத்தினார். கொப்பளங்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு புனலுக்குள் ஏறின. பாட்டிலில் தண்ணீர் இறங்கியது. பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் பாட்டில். சித்தி அதன் வாயை உள்ளங்கையால் பொத்தித் தூக்கி நிமிர்த்தினாள். அம்மா தீக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி அணைந்துவிட்டது. இரண்டாவது குச்சியை நீட்டியதும் சித்தி கையை எடுத்தாள்.

நீலம் பாட்டிலின் வாயில் பூத்தது. மெதுவாகக் கண்ணாடிக்குள் இறங்கியது. அடி வரை போய், ஒருமுறை துடித்து, அணைந்தது.

தூரத்தில் பறவைகள் அடையப் போகிற சத்தம் கேட்டது. சித்தப்பா கோலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, இன்னொருவாட்டி என்றார். இருட்டுகிறவரை இன்னொருவாட்டி, இன்னொருவாட்டி என்று செய்துகொண்டே இருந்தார்கள். ஏதோ ஒரு தடவையில் அவர் சிரித்தார். சித்தியும் சிரித்தாள். அவர்கள் சேர்ந்து சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா சேற்றுக் காலோடு அப்பா முன்னால் போய் நின்றார்.

"வெள்ளிக்கிழமை வேணாண்ணே. அவளுக்கு ஒண்ணுமில்ல. நமக்குத்தான் தெரியல."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கரிபிடிக்காத அந்தப் பாட்டிலை அவர் முன்னால் வைத்தாள். அப்பா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்று மட்டும் சொன்னார். சித்தப்பா அப்போதே கூட்டிப்போக நினைத்தார். சித்தி மறுத்துவிட்டாள். அனுப்பியவர் உங்கள் அம்மா, அவரே வந்து கூப்பிட்டால் வருகிறேன் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை.

அந்த அம்மாள் வருவார் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. சித்திரையில் ஒருநாள் மகனின் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். சின்ன உருவம், வெயிலில் கறுத்து வற்றிய முகம். நான் மனதில் வைத்திருந்த கல்நெஞ்சுக்காரி இப்படி இல்லை. வாசலில் நின்றபடியே அவர் கேட்ட முதல் கேள்வி, என் மருமகளை யாராவது அடித்தீர்களா என்பது. பூசாரி ஏற்பாடெல்லாம் மகன் சொல்லித்தான் அவருக்குத் தெரியவந்ததாம். இல்லை என்று அம்மா சொன்னாள். அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை.

சித்தி மறுநாள் காலையில் அவர்களோடு போனாள். அதன்பிறகு அந்த வீட்டிலேயே நன்றாக வாழ்ந்தாள். குழந்தை பிறக்கவில்லை, அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. ஆனால் போவதற்கு முந்தின சாயங்காலம் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கழுவெளி அதற்குள் வற்ற ஆரம்பித்திருந்தது. வெடித்த சேற்றுமேல் வெகுதூரம் நடந்து போனோம். மாமியாரின் கையைப் பிடித்துச் சித்தி முன்னால் போனாள். நடுவில் மிச்சமிருந்த தண்ணீரில் பாட்டிலைக் கவிழ்த்து, குத்தி, நிமிர்த்தி, பற்றவைத்துக் காட்டினாள். நீலம் இறங்கி அணைந்தது. புல் மக்கி வருகிற காற்று அத்தை, வேறு ஒன்றுமில்லை என்றாள்.

அந்த அம்மாள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கக்காவும் இதைத்தான் சொன்னா," என்றார். "மாடு ஓட்டப் போனவ ஓடியாந்து சொன்னா. வேப்பிலையால அடிச்சாங்க. கட்டிப் போட்டாங்க. ரெண்டு மாசத்துல போயிட்டா. அதுதான் கொண்டுபோச்சுன்னு இவ்ளோ நாளா இருந்துட்டேன். உன்னையும் கொண்டுபோயிடும்னுதான் அந்தப் பக்கத்துத் தண்ணிகிட்டேருந்து அனுப்புனேன்."

சித்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவங்க பேர் என்ன அத்தை என்று கேட்டாள்.

அவர் தண்ணீரைப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னார். கரையில் நின்றிருந்த சித்தப்பாவுக்குத் தனக்கு அப்படி ஒரு பெரியம்மா இருந்ததே அதுவரை தெரியாது. சரியாகக் கேட்கவில்லை என்று அவர் கிட்டே வந்து குனிந்தார். அம்மாள் இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.